மாடித்தோட்டக்காரர்களுக்குக் கூட்டாளிகள் எங்கே கிடைப்பார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியிலோ பால்கனியிலோ வாசல் ஓரத்திலோ செடி வளர்ப்பவர்கள், தங்களைப் போன்ற மற்றவர்களைத் தேடும்போது கேட்கும் கேள்விகள் இவை. பதில்களைத் தமிழ்நாட்டு நகரங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கடைசியில் ஒரு கேள்வி உண்டு.

செடி வளர்ப்பது தனியாகச் செய்யும் வேலைதானே, கூட்டம் எதற்கு?

தண்ணீர் ஊற்றவும் களை பிடுங்கவும் யாரும் தேவையில்லைதான். செடிக்கு ஏதாவது ஆகும்போதுதான், உங்கள் தண்ணீரையும் உங்கள் வெயிலையும் அறிந்த ஒருவர் வேண்டியிருக்கிறது.

செம்பருத்தி இலையின் ஓரம் பழுப்பாகிக் கருகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைவில் இருக்கும் ஒருவருக்குப் படம் அனுப்பினால் சாம்பல் சத்துக் குறைவு என்று சொல்லி ஓர் உரத்தைப் பரிந்துரைப்பார். அவர் சொல்வது தவறு என்று சொல்ல முடியாது. அந்தக் குறைபாட்டிலும் இலை ஓரம் அப்படித்தான் கருகும். ஆனால் இரண்டு தெரு தள்ளி இருப்பவர் பார்த்தவுடன், "போர் தண்ணியா ஊத்துறீங்க? ஆர்.ஓ. கழிவுத் தண்ணியையும் சேர்த்தா?" என்று கேட்பார். உங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்றில் உப்பு அதிகம் என்பது அவருக்குத் தெரியும். சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் அந்த உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். அதையே தினமும் தொட்டிக்கு ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளை வெள்ளையாகப் படியும், இலை ஓரம் கருகும். இதற்குத் தேவை உரம் இல்லை. மழைநீரோ லாரித் தண்ணீரோ கிடைக்கும்போது தொட்டியின் அடித்துளை வழியே நன்றாக வழியும்படி ஊற்றி உப்பைக் கழுவி இறக்குவதுதான்.

பட்டமும், அதாவது விதைக்கும் பருவமும், அப்படியே. சென்னையில் வடகிழக்குப் பருவமழை தொட்டிகளை மூழ்கடிக்கும் மாதங்களில் வேறோர் ஊரில் நல்ல விதைப்புக் காலமாக இருக்கலாம். நாகர்கோவில்காரருக்குத் தென்மேற்குப் பருவமழையும் நன்றாகக் கிடைக்கும், வேலூர்க்காரருக்குக் கத்திரி வெயில் தனிக் கதை. அதனால்தான் ஐயாயிரம் பேர் இருக்கும் பெரிய குழுவைவிட, நடந்துபோகும் தூரத்தில் ஐந்து பேர் இருப்பது மேல் என்று நான் நினைக்கிறேன். இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான பதில்கள் அந்த ஐந்து பேரைக் கண்டுபிடிப்பதைப் பற்றியும் அவர்களைத் தக்கவைத்துக்கொள்வதைப் பற்றியும்தான்.

சரி, என் ஊரில் அவர்களை எங்கே தேடுவது?

முதலில் தலையை உயர்த்தி மாடிகளைப் பாருங்கள். கைப்பிடிச் சுவருக்கு மேல் பச்சை நிழல்வலை தெரிகிறதா, கம்பியில் புடலங்காய் தொங்குகிறதா, காய் நேராக வளர அதில் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களா? அழைப்பு மணியை அழுத்தி, "உங்க புடலை நல்லா காய்ச்சிருக்கு, எப்படி வளர்த்தீங்கன்னு கேட்கலாம்னு வந்தேன்" என்று சொல்லுங்கள். தோட்டம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்விக்காகவே காத்திருக்கிறார்கள். வீட்டில் வேறு யாரும் அவர்களிடம் அதைக் கேட்பதில்லை.

அடுத்தது நர்சரி. ஞாயிறு காலையில் போனால், விலை கேட்பதோடு நிற்காமல் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களோடு பேச்சுக் கொடுங்கள்.

அரசு வழியும் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் தோட்டக்கலைத் துறை அலுவலகம் இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் காளான் வளர்ப்பு, மண்புழு உரம், மாடித்தோட்டம் என்று பயிற்சிகள் நடத்துகிறார்கள். பயிற்சியில் கற்பது ஒரு பங்கு என்றால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் எண்ணை வாங்கி வருவது இன்னொரு பங்கு. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூர்ப் பகுதியில் உருவாக்கிய வானகம், 2013-இல் அவர் மறைந்த பிறகும் இயற்கை வேளாண்மைப் பயிற்சிகளை நடத்திவருகிறது. அங்கே பயிற்சி முடித்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், உங்கள் ஊரிலும் ஒருவர் இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்படிக் கூடுவது நமக்குப் புதிதில்லை. சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது 1835-இல். கத்தீட்ரல் சாலையில் 2010-இல் திறந்த செம்மொழிப் பூங்கா, அந்தச் சங்கத்தின் வசம் இருந்த நிலத்தில் ஒரு பகுதியில்தான் அமைந்திருக்கிறது. அதே பூங்காவில் இப்போது மலர்க் கண்காட்சி நடக்கிறது. ஊட்டியில் மே மாதம் நடப்பது ஊரறிந்தது. கண்காட்சியில் பூவைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், அந்தத் தொட்டியை வளர்த்தவர் அருகில் நிற்கிறாரா என்று பாருங்கள்.

விதைத் திருவிழா என்கிறார்களே, அங்கே என்ன நடக்கும்?

நாட்டு விதை சேகரிப்பவர்கள் ஒரு மண்டபத்திலோ கல்லூரி வளாகத்திலோ கூடி மேசை போட்டு விதை, கிழங்கு, நாற்று, போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) எல்லாவற்றையும் வைப்பார்கள். சில மேசைகளில் விற்பனை, சிலவற்றில் பண்டமாற்று. ஆடிப்பட்டத்துக்கு முன்னும் தைப்பட்டத்தை ஒட்டியும் அதிகம் நடக்கும்.

முதல் தடவை போகிறவர்கள் கண்ணில் பட்டதை எல்லாம் அள்ளிவிடுவார்கள். நான்கு ரகங்களோடு நிறுத்துங்கள். ஒவ்வொன்றையும் வாங்கும்போது மூன்று விவரம் கேட்டு உறையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: எந்த ஊர் ரகம், எந்த மாதம் எடுத்த விதை, கொடி எவ்வளவு தூரம் ஓடும். கடைசிக் கேள்வி மாடித்தோட்டத்துக்கு முக்கியம். சிறகு அவரையை ஒரு சிறிய பையில் போட்டுவிட்டு அது பக்கத்து வீட்டு ஆண்டெனா வரை போன பிறகு யோசிப்பதில் பயனில்லை.

விதை இலவசமாகக் கொடுக்கிறார்கள். திருப்பித் தர வேண்டுமா?

தர வேண்டும். எழுதப்படாத விதி என்று சிலர் நினைக்கிறார்கள், ஆனால் இதை வெளிப்படையாகவே சொல்லி நடத்திக் காட்டியவர் நெல் ஜெயராமன். திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில், உழவர்களுக்கு இரண்டு கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு அவர்கள் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நான்கு கிலோ அடுத்த இரண்டு பேருக்குப் போகும். அவர் 2018 டிசம்பரில் காலமானார். அதற்குள் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டிருந்தார். ஒருவர் வீட்டு அலமாரியில் மட்டும் பூட்டி வைத்திருந்தால் அவ்வளவு ரகங்கள் இத்தனை வயல்களுக்குப் போயிருக்காது.

மாடித்தோட்டத்துக்கு அதே கணக்கு போதும். பத்து விதை வாங்கினால் அடுத்த பட்டத்தில் இருபது விதை. கொடுத்தவருக்கே தர வேண்டும் என்றில்லை, அவர் சொல்லும் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். செடி வரவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். முளைக்காத விதையைப் பற்றிக் கொடுத்தவருக்குத் தெரிய வேண்டும், அதே உறையிலிருந்து வேறு நான்கு பேருக்கும் அவர் கொடுத்திருப்பார்.

மற்றவருக்குக் கொடுக்கும் அளவுக்கு நல்ல விதை எடுப்பது எப்படி?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கூட்டத்தில் ஒருவருக்குப் பெயர் கிடைப்பதும் கெடுவதும் இதில்தான்.

முதலில், எந்தச் செடியில் எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து அதில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். பறித்து மீந்த கடைசிக் காயை விதைக்கு விடுவது பலருடைய வழக்கம். அப்படிச் செய்தால் தளர்ந்துபோன செடியின் கடைசிக் காய்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். நன்றாக வளர்ந்த செடியில், நடுப்பருவத்தில் வந்த நல்ல வடிவமுள்ள காயை விடுங்கள்.

கத்தரிக்காய் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க வேண்டும். வெண்டை செடியிலேயே காய்ந்து வரி வரியாக வெடிக்கத் தொடங்கும்போது பறிக்கலாம். அவரை, காராமணி எல்லாம் நெற்றாக வேண்டும். சுரைக்காய் கூடு காய்ந்து, குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். தக்காளிக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல்: பழுத்த பழத்தைப் பிழிந்து விதையையும் சாற்றையும் ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்க விட வேண்டும். மேலே ஏடு படியும், வாடையும் வரும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கரைந்ததும் அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், அதை எடுத்து நிழலில் காயவைக்கலாம்.

அப்புறம் கலப்பு. தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் பூவிலேயே சூல் பிடிக்கும், அதனால் அதிகக் கவலை இல்லை. சுரை, பீர்க்கு, பூசணி அப்படி இல்லை. ஆண் பூ தனி, பெண் பூ தனி. மாடியில் நீளச் சுரையும் குடுவைச் சுரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், விதை எடுத்து அடுத்த பட்டத்தில் போடும்போது இரண்டும் இல்லாத ஒரு வடிவம் வரும். இதைத் தவிர்க்கக் கையால் சூல் பிடிக்க வைக்க வேண்டும். சுரைப்பூ மாலையில் விரியும். அன்று விரியப்போகும் ஆண் பூ ஒன்றையும், அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண் பூ ஒன்றையும் மதியமே இதழ் விரியாதபடி நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள். மாலை ஆனதும் இரண்டையும் அவிழ்த்து, ஆண் பூவின் இதழ்களைப் பிய்த்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். பிஞ்சு பருக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம், காம்பில் ஓர் அடையாளக் கயிறு கட்டுங்கள். பூசணிப் பூ அதிகாலையில் விரிவதால் முந்தின மாலையே கட்டிவைத்து விடியலில் செய்ய வேண்டும். இதை ஒரு தடவை நேரில் பார்த்தால் போதும், பிடிபட்டுவிடும். தெரிந்தவர் மாடியில் ஒரு மாலை நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, கொடுப்பதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்துவைத்து எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். ஏழு முளைத்தால் "பத்துக்கு ஏழு" என்று உறையிலேயே எழுதிக் கொடுங்கள். ரகம், ஊர், எடுத்த மாதம், ஆண்டு, முளைப்பு. இவ்வளவும் எழுதிய காகித உறை ஒருவர் கைக்கு வரும்போது கொடுத்தவர் மேல் வரும் நம்பிக்கை தனி.

ஹைப்ரிட் விதையைப் பகிரலாமா?

எஃப்1 (இரு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை) என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அதிலிருந்து எடுத்த விதை தாய்ச் செடி போல வராது, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி போகும். விதை வளர்ந்து பலன் தருவதைப் பார்க்கும் ஆர்வத்துக்காகக் கொடுப்பதானால் அதைச் சொல்லிக் கொடுங்கள். நாட்டு விதை என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

விதைகளை இப்படிக் கைமாற்றுவது சட்டப்படி சரியா?

சரிதான். 2001-இல் இயற்றிய பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் பகிரவும் விற்கவும் உரிமை தருகிறது. பதிவு பெற்ற ரகத்தை முத்திரை குத்தி வணிகப் பெயரில் விற்பதுதான் கூடாது. நாட்டு ரகங்களை நான்கு பேர் மாற்றிக்கொள்வதில் எந்தச் சிக்கலும் இல்லை.

செடியோடு பூச்சியும் வீட்டுக்கு வந்துவிடாதா?

வரும். இதில் யாரும் கூச்சப்படாமல் கறாராக இருக்க வேண்டும். 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி அது. இங்கே அதற்கு இயற்கை எதிரி இல்லாததால் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, வீட்டு வாசல் செம்பருத்தி வரை வெள்ளையாக அப்பிக்கொண்டது. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே முதலிய குட்டிக் குளவிகளைத் தருவித்து, வளர்த்து, வயல்களில் விட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது. நம் வீட்டுத் தொட்டிகளிலும் ஒரு மாவுப்பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் போக நாமே கொண்டுபோய்க் கொடுக்கும் கிளைதான் வண்டி.

அதனால் பரிசாக வந்த செடி எதுவானாலும் இரண்டு வாரம் தனியே வையுங்கள். இலையின் அடிப்பக்கம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கு, தொட்டியின் அடித்துளை மூன்றையும் பாருங்கள். எறும்பு தண்டில் ஏறி இறங்கினால் மேலே அசுவினியோ (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் கொடுக்கும்போது, கூடுமானால் வேரோடு மண்ணோடு கொடுக்காமல் விதையாகவோ கழுவிய கிளையாகவோ கொடுங்கள்.

ஆளாளுக்கு ஒரு கரைசல் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

பஞ்சகவ்யா, மீன் அமிலம், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், வேப்பெண்ணெய் எல்லாமே பலர் பயன்படுத்துபவைதான். யாராவது ஒன்றைச் சொன்னால், "உங்க செடியில அடிச்சுப் பார்த்தீங்களா, எந்த நேரத்துல, எந்த அளவுல?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நேரில் செய்தவர் "சாயங்காலம்தான் அடிப்பேன், வெயில்ல அடிச்சா இலை வெந்துடும், லிட்டருக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணி கலக்கணும், இல்லைன்னா எண்ணெய் மிதக்கும்" என்பது போல விவரமாகச் சொல்வார். கேள்விப்பட்டதைச் சொல்பவரிடம் இந்த விவரம் இருக்காது.

நீங்கள் கேட்கும் விதமும் முக்கியம். "என் செடி வாடுது, என்ன பண்ணலாம்" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. முழுச் செடியின் படம் ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, எத்தனை மணி நேரம் நேர் வெயில் படுகிறது, என்ன தண்ணீர், கடைசியாக என்ன போட்டீர்கள். இவ்வளவும் கொடுத்தால் பத்து நிமிடத்தில் சரியான பதில் வரும். சொன்னதைச் செய்த பிறகு என்ன ஆனது என்று ஒரு வரி திரும்பச் சொல்லுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

நான் கொஞ்சம் கூச்ச சுபாவம். கூட்டத்தில் பேச வராது.

பேச வேண்டாம். ஒரு பிடி கறிவேப்பிலையோ புதினாக் கிளையோ கொண்டுபோங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடியில் தொட்டி வைக்க மற்றவர்கள் எதிர்க்கிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் சொல்லும் பயங்களில் மூன்று நியாயமானவை: பாரம், ஒழுகல், கொசு. ஈர மண் ஒரு கன அடி ஏறக்குறைய 45 முதல் 50 கிலோ இருக்கும். முழுக்கச் செம்மண் நிரப்பிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிப்பதற்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து பாரத்தைக் குறைத்து, சுவரும் உத்திரமும் போகும் ஓரங்களில், தளத்தில் படாமல் தாங்கியின் மேல் வையுங்கள். அடியில் தட்டு வைத்தால் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொட்டிவிட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏழெட்டு நாள் போதும்.

இதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, சங்கக் கூட்டத்தில் நீங்களே முதலில் பேசுங்கள். தனி ஆளாகப் போகாமல், குடியிருப்பில் செடி வைத்திருக்கும் இன்னும் இரண்டு வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு போவது நல்லது. அந்த மூன்று வீடுதான் பிறகு உங்கள் குழுவாகவும் ஆகும்.

காய்கறியில் எனக்கு ஆர்வம் இல்லை, பூச்செடிதான். என்னைச் சேர்ப்பார்களா?

அடீனியம், ஆர்க்கிட், போன்சாய், தாமரை, அல்லி என்று தனித்தனி வட்டங்களே இருக்கின்றன. ஆனால் ஆட்களைச் சேர்க்க நிஷாகந்தியை மிஞ்சிய செடியை நான் பார்த்ததில்லை. பலர் பிரம்ம கமலம் என்று அழைக்கும் அந்தக் கள்ளிச் செடி, இரவில் மட்டும் பூக்கும். எட்டு மணிக்கு மேல் மொட்டு மெல்ல அசைந்து விரியத் தொடங்கும், நள்ளிரவில் உள்ளங்கையைவிடப் பெரிதாக, வெள்ளை வெளேரென்று, தெருவுக்கே மணக்கும்படி விரிந்திருக்கும். விடிந்தால் துவண்டுவிடும். மொட்டு தலை நிமிர்ந்து வெள்ளையாகப் பருத்தால் அன்று இரவு பூக்கும் என்று சொல்லிவிடலாம். அன்று மாலையே அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவிட்டு, தேநீர் போட்டு வையுங்கள். வந்தவர்களுக்கு இலை போன்ற அந்தத் தண்டில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தால், நட்டு வேர் பிடித்துக்கொள்ளும்.

புதிதாக ஒரு குழு தொடங்க என்ன வேண்டும்?

ஐந்து வீடு, மாதம் ஒரு ஞாயிறு, ஒவ்வொரு முறையும் ஒருவர் மாடி. பெயரும் பேனரும் வேண்டாம். தொடக்கத்தில் எல்லோரையும் ஒட்டவைப்பது கூட்டாக வாங்குவதுதான். ஒரு சிறு லாரி செம்மண் தனி வீட்டுக்கு அதிகம், ஐந்து வீட்டுக்குச் சரியாக இருக்கும். மண்புழு உரம் மூட்டையாக வாங்கினால் விலையும் குறையும். ஐந்து கிலோ தென்னை நார்க் கட்டி ஒன்றை ஊறவைத்தாலே அறுபது லிட்டருக்கு மேல் பொங்கும், அதைப் பங்கிட ஆட்கள் வேண்டும்.

வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளலாம். காலை வணக்கப் படங்களும் அரசியலும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இன்னொரு விதியும் வேண்டும்: கேட்காமல் யார் மாடியிலும் கிளை கிள்ளக் கூடாது. மணி பிளாண்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம். கேட்டு வாங்கினாலும் அது நன்றாகவே வளர்கிறது.

வெளியூர் போகும்போது தண்ணீர் யார் ஊற்றுவார்கள்?

குழு இருப்பதன் முதல் பலனே இது. சாவியைக் கொடுக்கும்போது எந்தத் தொட்டிக்கு எவ்வளவு என்று சுண்ணாம்புக்கட்டியால் தொட்டியிலேயே குறித்துவிடுங்கள். அந்த நாட்களில் காய்ப்பது எல்லாம் தண்ணீர் ஊற்றுபவருக்கு. இதைச் சொல்லாமல் விட்டால் அவர் பறிக்கத் தயங்குவார், வெண்டை முற்றிப்போகும்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பொருந்தும், இடத்துக்கு ஏற்ற வழிகள் வேறு. சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் வீடமைப்புப் பேட்டைகளிலேயே கூட்டுத் தோட்டங்கள் இருக்கின்றன. உங்கள் புளோக்குக்கு அருகில் இருப்பதில் சேரலாம். பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் வாடகைக்கு விடும் அலாட்மென்ட் நிலங்கள் உண்டு, முழு அளவு ஏறக்குறைய 250 சதுர மீட்டர். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கும், அதனால் குடிபோன உடனே பெயர் கொடுத்துவிடுங்கள். காத்திருக்கும் காலத்தில் ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவருக்கு வார இறுதியில் கை கொடுத்தால் அந்த ஊர்க் குளிரில் எது எப்போது விதைப்பது என்பது பழகிவிடும்.

அமெரிக்காவில் கறிவேப்பிலைக் கன்று கொடுக்கும்போது கவனம் தேவை. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஆசிய சிட்ரஸ் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும் என்பதால், அது பரவிய பகுதிகளிலிருந்து கன்றை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. பக்கத்து மாநில நண்பருக்குக் காரில் எடுத்துப்போகும் முன் உங்கள் மாநில வேளாண் துறையின் விதியைப் பாருங்கள். ஊரிலிருந்து விதை கொண்டுவருவதும் அப்படித்தான். பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுபோகாமல், எந்த விதைக்கு என்ன சான்று வேண்டும் என்று முன்பே விசாரித்து, விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள். அதைவிட எளிது, அங்கேயே பல ஆண்டுகளாகப் புடலையும் அவரையும் போடும் தமிழ்க் குடும்பம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது. அந்த விதை அந்த ஊர்க் கோடையில் விளைந்து எடுத்த விதையாக இருக்கும்.